பேய்க்கும் ஒரு பங்கு உண்டு

தமிழ் சினிமாவில் ஒரு தம்பதிக்குப் பூர்வீக வீடு கிடைத்துவிட்டால், அடுத்து என்ன நடக்கும் என்று நம் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். கார் வந்து நிற்கும். இரும்பு கேட் கிறீச்சென்று திறக்கும். லாந்தர் விளக்கோடு வரும் ஒரு பெரியவர், "எல்லா ரூமையும் பொழங்கிக்குங்க, அந்தக் கடைசி ரூமை மட்டும் திறந்துடாதீங்க" என்பார். வந்த பெண் முதல் வேலையாக அந்த ரூமைத்தான் திறப்பார். நாமும் விரல்களால் முகத்தை மூடிக்கொண்டு, விரல் இடுக்கு வழியாக விடாமல் பார்ப்போம்.

எனக்கு இந்தப் படங்கள் ரொம்பப் பிடிக்கும். டி.வி.யில் 'சந்திரமுகி' ஓடினால், அடுப்பை சிம்மில் வைத்துவிட்டுக் கரண்டியோடு ஹாலுக்கு வந்துவிடுவேன். ஆனால், எங்களுக்கே ஏற்காட்டில் ஒரு பூர்வீக வீடு வந்து, அதை விற்பதற்காகப் பத்திரக் கட்டோடு நானும் என் கணவரும் இரண்டு வருடங்கள் அலைந்த பிறகு, இந்தப் படங்களை வேறு மாதிரிதான் பார்க்க முடிகிறது. பயம் குறைந்துவிட்டது. பேய் பக்கமும் நியாயம் இருக்கிறதே என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

விற்கப் போனால் வரும்

ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? இந்தப் படங்களில் பல வருடங்களாகச் சும்மா கிடக்கும் வீட்டில் பேயும் சும்மாதான் இருக்கிறது. சொந்தக்காரர்கள் வீட்டை விற்கவோ, அதில் குடியேறவோ வரும்போதுதான் அதற்குக் கோபம் வருகிறது.

சுந்தர்.சி இயக்கிய 'அரண்மனை' (2014) படத்தில் வினய்யும் ஆண்ட்ரியாவும் கிராமத்துக்கு வருவதே பரம்பரை அரண்மனையை விற்பதற்குத்தான். அங்கே அநியாயமாகக் கொல்லப்பட்ட செல்வியாக ஹன்சிகா காத்திருப்பார். தீபன் சக்கரவர்த்தி இயக்கிய 'பீட்சா 2: வில்லா' (2013) படத்தில் எழுத்தாளராக வரும் அசோக் செல்வனுக்கு, அப்பா இறந்த பிறகுதான் பாண்டிச்சேரியில் ஒரு வில்லா இருப்பதே தெரியவரும். அவருக்குப் பணக் கஷ்டம், விற்க நினைப்பார். காதலி சஞ்சிதா ஷெட்டிக்கு வீடு பிடித்துப்போகும். பிறகு, அப்பா வரைந்து வைத்த ஓவியங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

இவற்றுக்கெல்லாம் முன்னோடி, ஃபாசில் இயக்கத்தில் 1993-ல் வந்த 'மணிச்சித்ரதாழ்'. நகுலனும் கங்காவும் குடியேறுவது நகுலனின் பூர்வீக வீடான மாடம்பள்ளியில். பூட்டி வைத்த அறைக்குள் இருப்பதாக நம்பப்படுவது, தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நாட்டியக்காரி நாகவல்லி. கங்காவாக நடித்த ஷோபனாவுக்கு தேசிய விருது கிடைத்தது. கதையை எழுதிய மது முட்டத்துக்குத் தூண்டுதலாக இருந்தது, ஆலப்புழை மாவட்டத்தில் ஆலும்மூட்டில் என்ற பழைய தறவாட்டில் நடந்த ஒரு துயரச் சம்பவம்.

அதையே பி.வாசு கன்னடத்தில் 'ஆப்தமித்ரா'வாகவும், 2005-ல் தமிழில் 'சந்திரமுகி'யாகவும் எடுத்தார். மலையாளத்தில் தமிழ் பேசிய பெண், தமிழுக்கு வந்ததும் தெலுங்கு பேசினாள். எந்த மொழிக்குப் போனாலும் அவள் வெளியூர்க்காரிதான். அந்த வீட்டில் ஆடியிருக்கிறாள், அழுதிருக்கிறாள், செத்திருக்கிறாள். ஆனால், அந்த வீட்டில் அவளுக்கு என்று எதுவும் கிடையாது.

ராகவா லாரன்ஸின் 'காஞ்சனா' (2011) இன்னும் நேரடி. திருநங்கையான காஞ்சனா, மருத்துவமனை கட்டுவதற்காக வாங்கிய நிலத்தைப் பிடுங்கி, கொன்று, அதே நிலத்தில் புதைத்துவிடுவார்கள். சரத்குமார் அந்த வேடத்தில் பேசும்போது தியேட்டரே அழுதது. யோசித்துப் பாருங்கள், அது பேய்ப் படமா, நில அபகரிப்பு வழக்கா?

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. ஆங்கிலத்தில் இந்த வகைக் கதைகளுக்கெல்லாம் முதல் என்று சொல்லப்படும் 'தி காசில் ஆஃப் ஒட்ரான்டோ' 1764-ல் ஹோரஸ் வால்போல் எழுதியது. அதிலும் விஷயம் இதேதான். கோட்டையை ஆள்பவனின் தாத்தா, உண்மையான சொந்தக்காரரைக் கொன்று சொத்தை எடுத்துக்கொண்டவர். அந்தக் கணக்கு பேரன் காலத்தில் பேயாக வந்து கதவைத் தட்டுகிறது. 260 வருடங்களுக்கு முன்பே, பேய் வருவது சொத்துத் தகராறுக்குத்தான் என்று தெளிவாக இருந்திருக்கிறார்கள்.

மலையில் எல்லா வீட்டிலும் சத்தம் வரும்

எங்கள் கதைக்கு வருகிறேன். நாங்கள் சேலத்தில் இருக்கிறோம். இங்கிருந்து ஏற்காடு போகும் சாலையில், மலை ஏறும் முன்பே மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவு வளைவு நிற்கும். டி.ஆர்.சுந்தரம் நடத்திய ஸ்டுடியோ. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938) அவர்கள் தயாரித்ததுதான். இப்போது ஸ்டுடியோ இல்லை, வளைவு மட்டும் இருக்கிறது. அதைத் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு.

ஏரியைத் தாண்டி, சேர்வராயன் கோயில் பக்கமாகப் போகும் வழியில் எங்கள் வீடு. பங்களா என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். என் கணவரின் தாத்தா ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய 40 சென்ட் இடம், அதில் மங்களூர் ஓடு போட்ட வீடு, நான்கு பக்கமும் காபிச் செடி, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி. அவ்வளவுதான்.

மலை வீட்டில் ஒரு ராத்திரி தங்கினால் போதும், பேய்ப் படத்துக்கு சவுண்ட் இன்ஜினீயர் தேவையில்லை என்று தெரிந்துவிடும். பகலில் வெயிலில் விரிந்த மரச்சட்டங்கள் ராத்திரி குளிரில் சுருங்கும்போது 'டக் டக்' என்று யாரோ நடப்பது போலவே கேட்கும். ஓட்டின் மேல் மரநாய் ஓடும். அது பழுத்த காபிப் பழத்துக்காக வருவது. ஜன்னலுக்கு வெளியே யாரோ பெருமூச்சு விடுவார்கள். டார்ச் அடித்தால் காட்டெருமை நிற்கும். பனிமூட்டம் இறங்கினால் பத்தடி தூரத்தில் இருக்கும் மரம்கூட ஆள் மாதிரிதான் தெரியும்.

எல்லாவற்றையும்விட, அந்த வாசனை! நடுராத்திரியில் மல்லிகை வாசம் வந்தால் மோகினி என்று நம் பாட்டிகள் சொல்வார்கள் இல்லையா? கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்த சில நாள்களில் காபிச் செடி மொத்தமாகப் பூக்கும். வெள்ளை வெளேரென்ற பூ. அசல் மல்லிகை வாசம். கல்யாணமாகி முதல் தடவை அங்கே தங்கியபோது, ராத்திரி இரண்டு மணிக்கு அந்த வாசம் வந்ததும் நான் கணவரை எழுப்பிவிட்டேன். அவர் தூக்கத்திலேயே, "காபி பூத்திருக்கு, தூங்கு" என்றார்.

ஏற்காட்டில் காபி 1820-களிலிருந்து இருக்கிறது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது என்பார்கள். வெள்ளைக்காரர்கள் கட்டிவிட்டுப் போன வீடுகள், கைமாறிய எஸ்டேட்டுகள், வெளியூர்க்காரர்கள் வாங்கிப்போட்டுவிட்டு மே மாதம் மட்டும் திறக்கும் வீடுகள் என்று மலை முழுக்கப் பூட்டிய வீடுகள்தான். சொந்தக்காரர் ஓரிடம், வீடு ஓரிடம். சினிமாக்காரர்கள் பேயைக் குடிவைக்க மலையைத் தேடி வருவதில் ஆச்சரியம் இல்லை.

ரீல்ஸில் வந்த பேய்

எங்கள் வீடு பூட்டிக் கிடக்கவில்லை. அங்கே அத்தை இருந்தார். என் மாமனாரின் தங்கை. என் கணவருக்கு அத்தை, அவரைப் பார்த்து நானும் அத்தை என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். 24 வயதில் கணவரை இழந்து, குழந்தை இல்லாமல், பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். இப்போது 77. மாமனார் வேலைக்காகச் சேலத்துக்கு வந்துவிட, மலை வீட்டில் 50 வருடங்களுக்கு மேல் இருந்தது அத்தைதான். தாத்தாவையும் பாட்டியையும் கடைசிவரை பார்த்துக்கொண்டது, காபி பறிக்க ஆள் பிடித்தது, மிளகு காய வைத்தது, கூலிக் கணக்கு எழுதியது எல்லாம் அவர்.

2021-ல் மாமனார் காலமானார். பையன் காலேஜ் சேரும் நேரம். மழைக்கு ஓடு ஒழுகுகிறது. விற்றுவிடலாம், அத்தையைச் சேலத்துக்கு நம்மோடு கூட்டி வந்துவிடலாம் என்று பேச்சு வந்தது. புரோக்கர் ஒரு பெங்களூரு பார்ட்டியைக் கூட்டி வந்தார். ஹோம்ஸ்டே நடத்த வேண்டும் என்றார்கள். விலை படிந்தது.

ஒரு வாரம் கழித்து அந்த பார்ட்டி புரோக்கருக்கு ஒரு ரீல்ஸை அனுப்பியது. பக்கத்தில் எங்கேயோ தங்கியிருந்த பையன்கள் எடுத்த வீடியோ. நடுராத்திரி, பனி, எங்கள் வீட்டு ஜன்னலில் ஒரு வெளிச்சம் நகர்கிறது. பிறகு வெள்ளைச் சேலையில் ஒரு உருவம் கொல்லைப்புறத்தில் மெதுவாக நடக்கிறது. பின்னணியில் திகில் இசை. மேலே 'ஏற்காடு பேய் வீடு' என்று ரத்தம் சொட்டும் எழுத்து.

அத்தைதான். காபிச் செடிக்குள் காட்டெருமை நுழைந்துவிட்டதா என்று பார்க்க டார்ச்சோடு போயிருக்கிறார். சேலை வெள்ளை இல்லை, துவைத்துத் துவைத்து வெளுத்த நீல நூல் சேலை.

போனில் அத்தைக்குப் போட்டுக் காட்டினோம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மூன்று தடவை பார்த்தார். "ஏன் கண்ணு, பேய்க்கு எதுக்கு ரப்பர் செருப்பு?" என்று கேட்டார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அத்தையும் சிரித்தார். பிறகு, "இத்தனை வருசமா இங்க இருக்கேன். ஒருத்தரும் போட்டோ எடுத்ததில்ல. பேய்ன்னதும் எடுத்திருக்கானுங்க" என்றார். அப்போது எங்களால் சிரிக்க முடியவில்லை.

பார்ட்டி விலையைக் குறைக்கச் சொன்னது. புரோக்கரும், "பேய்ன்னு பேர் வந்துட்டா அஞ்சு லட்சமாவது குறையத்தாங்க செய்யும்" என்றார்.

தாய்ப்பத்திரத்தில் தாய் இல்லை

அதற்கு நடுவில் காகிதங்களை வக்கீலிடம் கொடுத்திருந்தோம். பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருந்தது. கரன்ட் கனெக்‌ஷன், வீட்டு வரி எல்லாம் அவர் பெயரில்தான். தாத்தா இறந்தது 1974-ல். உயில் எதுவும் எழுதவில்லை. மாமனார் ஒரே பையன் என்பதால் வீடு அவருடையது என்று எல்லாரும் பேசி, அப்படியே 50 வருடம் ஓடிவிட்டது.

வக்கீல் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார். "தாத்தாவுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"அப்பாவும் அத்தையும்."

"அத்தை கையெழுத்து எங்க?"

இந்த இடத்தில், படிக்கும் பெண்கள் ஒரு நிமிடம் நின்று கவனியுங்கள். பெண்களுக்குச் சொத்துரிமை 1989-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தத்திலும், 2005-ல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தத்திலும்தான் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அவை பரம்பரைக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனைப் போலவே பிறப்பால் உரிமை தந்த சட்டங்கள். அப்பா தானே சம்பாதித்து வாங்கிய சொத்துக்கு அவ்வளவு தூரம் காத்திருக்கத் தேவையே இல்லை. 1956-ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. மகள் கல்யாணமாகிப் போயிருந்தாலும், திரும்பி வந்திருந்தாலும் அதே பங்குதான்.

வக்கீல் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். தாத்தாவின் சொத்தில் பாட்டிக்கும் மாமனாருக்கும் அத்தைக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. பாட்டி போனதும் அவர் பங்கு இரண்டு பிள்ளைகளுக்கும் சமமாக வரும். ஆக, பாதி மாமனாருடையது, பாதி அத்தையுடையது. மாமனாரின் பாதியில் என் கணவருக்கும் நாத்தனாருக்கும் சரிபாதி. என் மாமியார் முன்பே போய்விட்டார்.

எங்களுக்கு 'வந்த' வீட்டில் எங்கள் பங்கு கால்வாசி. ராத்திரி டார்ச்சோடு நடந்த பேயின் பங்கு பாதி.

விற்பதற்கு இரண்டு வழி சொன்னார் வக்கீல். ஒன்று, அத்தையையும் வாரிசாகச் சேர்த்து, அவருக்கு உரிய பணத்தைக் கொடுத்து விற்பது. இன்னொன்று, தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அத்தையிடம் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்வது. பெயரைப் பாருங்கள், விடுதலைப் பத்திரம்! யாருக்கு எதிலிருந்து விடுதலை என்று அந்தப் பெயரை வைத்தவருக்குத்தான் வெளிச்சம். மூலப்பத்திரத்துக்கும் தாய்ப்பத்திரம் என்று ஒரு பெயர் உண்டு. எங்கள் தாய்ப்பத்திரத்தைப் புரட்டினேன். விற்றவர், வாங்கியவர், சாட்சிகள், எழுதியவர் என்று வரிசையாக ஆண்கள். ஒரு தாயின் பெயரும் இல்லை.

உறவுக்காரர்களுக்கு இரண்டாவது வழிதான் பிடித்திருந்தது. "கல்யாணத்துல நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு. அப்புறம் என்ன பங்கு?" என்றார் ஒருவர். "அவங்களுக்குப் பிள்ளையா குட்டியா? நாளைக்கு எப்படியும் உங்களுக்குத்தானே வரப்போகுது. ஒரு கையெழுத்துதானே, இப்பவே வாங்கிடுங்க" என்றார் இன்னொருவர். அவர் சொன்னதில் சட்டப்படி தப்பு இல்லை. பிள்ளை இல்லாத பெண் உயில் எழுதாமல் இறந்தால், அப்பா வழியில் வந்த சொத்து அப்பாவின் வாரிசுகளுக்கே திரும்பும். அத்தையும் கேட்டால் உடனே போட்டுக் கொடுத்துவிடுவார். எங்கே போடணும் கண்ணு என்று மட்டும்தான் கேட்பார். எங்களுக்குக் கஷ்டமாக இருந்ததே அதுதான்.

புரோக்கர்தான் விஷயத்தை ஒரே வரியில் சொன்னார். "சார், பேய்ன்னா அஞ்சு லட்சம் குறைச்சா போதும். புதுசா ஒரு வாரிசுன்னா பார்ட்டி ஓடியே போயிடும்."

நீலி கேட்ட கேள்வி

அந்த நாள்களில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது பழையனூர் நீலி. திருவாலங்காடு பக்கத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை. கணவனே கொன்றுபோட்ட பெண், பேயாகி அவனை மறுபிறவியிலும் துரத்தி வருகிறாள். அவள் இருட்டில் பாய்ந்து கழுத்தைப் பிடிக்கவில்லை. கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச் சபைக்குப் போகிறாள். இவன் என் புருஷன், என்னோடு அனுப்புங்கள் என்று எழுபது வேளாளர்களிடம் வழக்கு வைக்கிறாள். அவன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து அனுப்பிய அவர்கள், அவன் செத்ததும் வாக்கைக் காப்பாற்றத் தீயில் இறங்குகிறார்கள்.

ஊர் இன்றைக்கும் அந்த எழுபது பேரைக் கும்பிடுகிறது. சரிதான், வாக்குத் தவறாதவர்கள். ஆனால், முதலில் கொல்லப்பட்ட அந்தப் பெண் நமக்கு விட்டுப்போனது 'நீலிக்கண்ணீர்' என்ற ஒரு சொல்லை மட்டும்தான். பொய்யாக அழுவதற்குப் பெயர்! அவள் பேயாக வந்து பொய் சொன்னது உண்மை. உயிரோடு இருந்தபோது அவள் வைத்திருக்கக்கூடிய உண்மையான வழக்கை எந்தச் சபை விசாரித்தது?

நம் பேய்ப் படங்களும் அப்படித்தானே. இரண்டரை மணி நேரத்தில் இடைவேளை வரைக்கும் பேய் யாரென்றே தெரியாது. இடைவேளைக்குப் பிறகு ஒரு ஃப்ளாஷ்பேக். அவள் பெயர் என்ன, எந்த ஊர், அவளுக்கு யார் என்ன செய்தார்கள் என்று அப்போதுதான் நாம் கேட்கிறோம். விக்ரம் குமாரின் 'யாவரும் நலம்' (2009) படத்தில், தவணை கட்டி வாங்கிய புது ஃபிளாட்டில்கூட, அந்த இடத்தில் முன்பு வாழ்ந்து செத்த குடும்பம் டி.வி. சீரியலாக வந்து தங்கள் கதையைச் சொல்லும். மாந்திரீகரும் டாக்டரும் கடைசியில் செய்வது ஒரே வேலைதான். அந்த ஆத்மாவை உட்காரவைத்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள்.

மலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தையோடு உட்கார்ந்து டி.வி.யில் 'அரண்மனை' பார்த்துக்கொண்டிருந்தோம். என் பையன் அத்தைக்கு ஒவ்வொரு காட்சியாக விளக்கிக்கொண்டிருந்தான். ஃப்ளாஷ்பேக் முடிந்ததும் அத்தை, "அந்தப் புள்ள செத்ததுக்கு அப்புறம்தான் எல்லாரும் அவ பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க பாரு" என்றார். வேறெதுவும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. படத்தைப் பற்றித்தான் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்துபோய் எல்லாருக்கும் காபி போட்டார்.

என் கணவர் ரிமோட்டை எடுத்து டி.வி.யை அணைத்தார். அடுத்த நாள் காலையில் வக்கீலுக்கு போன் செய்து, "விடுதலைப் பத்திரம் வேண்டாம் சார். அத்தை பேரையும் சேர்த்துத்தான் வாரிசுச் சான்றிதழுக்கு எழுதறோம்" என்றார். நாத்தனாருக்கும் போன் போட்டுச் சொன்னார். அவர் ஒரு நிமிடம் பேசவே இல்லை. பிறகு, "செய்ங்கண்ணா. இன்னிக்கு அத்தைக்கு இல்லன்னா நாளைக்கு எனக்கும் இல்லைன்னு ஆயிடும்" என்றார்.

கூட்டுப் பட்டா

பார்ட்டி போய்விட்டது. புரோக்கர் இப்போதெல்லாம் எங்களைப் பார்த்தால் சிரிப்பதோடு சரி. பையனுக்குக் கல்விக் கடன் வாங்கினோம். தாத்தாவின் இறப்புச் சான்றிதழைத் தேடி எடுக்கவே இரண்டு மாதம் ஆனது. பிறகு தாத்தாவுக்கு ஒரு வாரிசுச் சான்றிதழ், மாமனாருக்கு ஒரு வாரிசுச் சான்றிதழ், வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் அலுவலகம் என்று எத்தனை தடவை மலை ஏறி இறங்கினோம் என்று கணக்கே இல்லை. இது எதுவும் சினிமாவில் வராது. வந்தால் பேய்கூட பயந்து ஓடிவிடும்.

உங்களுக்கும் ஊரில் ஒரு வீடு இருந்தால், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று இந்தப் பொங்கலுக்குப் போகும்போது பாருங்கள். வில்லங்கச் சான்றிதழ் போட்டால் பதிவான அடமானமும் விற்பனையும் தெரியும். கேட்காமல் விட்ட பெண்கள் அதில் தெரிய மாட்டார்கள். அது குடும்பத்துப் பெரியவர்களிடம் நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய வில்லங்கம். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

வீட்டை விற்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை. போன மழைக்கு முன்பு பாதி ஓடு மாற்றியிருக்கிறோம். மீதிப் பாதிக்குப் பணம் சேர வேண்டும். விற்கும் பேச்சு வந்தால் இப்போது அத்தையிடம்தான் முதலில் கேட்க வேண்டும். அவரும் சும்மா இல்லை. "வித்தா என் பங்கை என்ன பண்றதுன்னு நான்தான் சொல்லுவேன்" என்கிறார். உயில் எழுதுவேன் என்று என் பையனை மிரட்டி, காபி மூட்டை தூக்க வைக்கிறார்.

கூட்டுப் பட்டா வந்த அன்று, கம்ப்யூட்டரில் எடுத்த காகிதத்தை அத்தையிடம் கொடுத்தோம். அதில் மூன்று பெயர்கள். வெளிச்சத்துக்காக வாசல் திண்ணைக்கு எடுத்துப்போய், எழுத்துக்கூட்டிப் படித்தார். தன் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தவர், அதற்குப் பக்கத்தில் இருந்த வார்த்தையில் நின்றுவிட்டார். 50 வருடங்களாக ரேஷன் கடையிலும் பென்ஷன் மனுவிலும் அவர் பெயரோடு இன்னாரின் மனைவி என்றும் விதவை என்றும்தான் எழுதியிருக்கிறார்கள். இதில் தாத்தாவின் பெயரைப் போட்டு, 'மகள்' என்று இருந்தது.

"மகள்னு போட்டிருக்கு" என்றார் அத்தை. பிறகு, அதை லேமினேட் பண்ணித் தரச் சொன்னார்.